கைம்பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பிய சகோதரி சுப்புலட்சுமி

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தனித்து வாழும் தாய்மார்கள் மீண்டும் படிப்பைத் தொடர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கட்டணத்துக்கு என்ன வழி என்பதே முதல் கேள்வியாக வருகிறது. கட்டணத்துக்கு வழி பிறந்த பிறகும் வேறு பல கேள்விகள் மிஞ்சி நிற்கின்றன. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் யார் தருவது? பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? பகாவிலிருந்தோ லிங்கியிலிருந்தோ சிரம்பானுக்கு எப்படிப் போய் வருவது? இந்த வயதில் படிப்பா என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

இதே கேள்விகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முன் நின்றன. அவரும் கணவரை இழந்தவர்தான். படித்துப் பட்டம் பெற்று, தம்மைப்போன்ற பெண்கள் படிப்பதற்கு உறைவிடம், உணவு, உதவித்தொகை, பயிற்சி, வேலை என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தார். மக்கள் அவரைச் சகோதரி சுப்புலட்சுமி என்று அழைத்தனர். இந்திய அரசு 1958ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

செங்கல்பட்டில் முதலிடம்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர் மாவட்டத்து ரிஷியூர். மூத்த மகளான சுப்புலட்சுமி படிப்பில் கெட்டிக்காரி. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார்.

அன்றைய பிராமணக் குடும்பங்களில் பெண் பூப்பெய்துவதற்கு முன்பே திருமணத்தை முடித்துவிடுவது கட்டாய வழக்கம். சுப்புலட்சுமிக்கும் அப்படியே நடந்தது. திருமணமாகிச் சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். இல்லறம் என்றால் என்னவென்றே அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

அந்தக் காலத்தில் கைம்பெண் என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்த கொடுமை கொஞ்சமல்ல. தலையை மழித்துவிடுவார்கள். நல்ல காரியங்களுக்கு அழைக்கமாட்டார்கள். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்குவார்கள். வீட்டின் பின்கட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாகவே ஆயுள் கழியும். கணவன் வீட்டிலும் இடமில்லை, பிறந்த வீட்டிலும் பாரம். அந்தச் சிறுமிகளில் பலருக்கு எழுத்துகூடத் தெரியாது.

சுப்புலட்சுமியின் பெற்றோர் மகளின் தலையை மழிக்க மறுத்தார்கள். ஊராரும் உறவினரும் பேசிய பேச்சைத் தாங்கிக்கொண்டு, மகளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். தந்தையே வீட்டில் ஆசிரியர் ஆனார். வீட்டில் இன்னொரு கைம்பெண்ணும் இருந்தார். அவர் விசாலாட்சியின் தங்கை வாலாம்பாள். சுப்புலட்சுமிக்குச் சித்தி. பிற்காலத்தில் மகள் விடுதி தொடங்கியபோது அதன் அன்றாடப் பொறுப்புகளில் தோள் கொடுத்தவர் இந்தச் சித்திதான்.

கன்னியர் மடம் காட்டிய வழி

வீட்டுப் படிப்புக்குப் பிறகு சென்னையில் பிரசென்டேஷன் கன்னியர் மடப் பள்ளியில் சேர்ந்தார். குடும்பம் என்ற ஒன்றை அமைத்துக்கொள்ளாமல், பிறர் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட கன்னியாஸ்திரிகளை அங்கே அவர் தினமும் பார்த்தார். கணவன் இல்லாத பெண்ணின் வாழ்க்கை வீணான வாழ்க்கை என்று சமூகம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண்கள் தலைநிமிர்ந்து பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சுப்புலட்சுமி தம் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுடைய தொண்டு மனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சகோதரி என்ற பெயர் அவருக்குப் பொருத்தமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை.

பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளியில் ஆசிரியையாக நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். அடுத்த ஆண்டே அவர் வேறு பாதையில் இறங்கினார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே நான்கு இளம் கைம்பெண்களைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கின.

முன்னோடிகள் சந்தித்த தடை

இந்த முயற்சியில் சுப்புலட்சுமிக்கு முன்னோடிகள் உண்டு. பண்டித ரமாபாய் கணவரை இழந்து, கைக்குழந்தை மனோரமாவுடன் 1883இல் இங்கிலாந்து சென்றவர். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே தாமும் படித்தார். இன்றைய பேச்சில் சொன்னால், கல்லூரிக்குத் திரும்பிய தனித்து வாழும் தாய் அவர். அமெரிக்காவில் திரட்டிய நிதியைக் கொண்டு 1889இல் பம்பாயில் சாரதா சதனம் என்ற பெயரில் கைம்பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் திறந்தார். புனேயில் கார்வே 1896இல் இதேபோன்ற இல்லத்தைத் தொடங்கினார்.

ரமாபாய் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர் என்பதால், அவருடைய இல்லத்தில் சேரும் பெண்கள் மதம் மாறிவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. பணம் இருந்தும், இடம் இருந்தும், நம்பிக்கை போனால் பெண் படிக்க வரமாட்டாள் என்பதற்கு அது ஒரு பாடம்.

சுப்புலட்சுமி தம் விடுதியில் உணவு, வழிபாடு, ஆசாரம் எல்லாவற்றையும் பெண்களின் வீட்டு வழக்கப்படியே கடைப்பிடித்தார். இது பிற்போக்கு என்று குறை சொன்ன சீர்திருத்தவாதிகளும் இருந்தார்கள். தகப்பன்மார்களோ துணிந்து மகள்களைக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே வந்த பெண் படித்து வெளியேறும்போது வேறு ஆளாக இருப்பாள் என்பது சுப்புலட்சுமிக்குத் தெரியும்.

அரசாங்கம் ஏன் பணம் கொடுத்தது?

நான்கு பேரை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம். நாற்பது பேர் வந்தால் பணத்துக்கு எங்கே போவது? நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் விடுதி சில ஆண்டுகளில் மூடப்பட்டிருக்கும்.

அன்றைய சென்னை மாகாணக் கல்வித்துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. பெண்களுக்குப் பள்ளிகள் திறக்க வேண்டும். ஆண் ஆசிரியர் இருந்தால் வளர்ந்த பெண்ணைப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள். பெண் ஆசிரியைகளோ போதுமான அளவில் இல்லை. படித்த பெண்களில் பெரும்பாலோர் திருமணமாகி வீட்டோடு இருந்தார்கள். பெண்பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற ஐரோப்பியப் பெண்மணிக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும்.

இரண்டு சிக்கல்களும் ஒன்றுக்கொன்று விடையாக இருப்பதைச் சுப்புலட்சுமியும் மிஸ் லிஞ்சும் கண்டார்கள். கைம்பெண்ணுக்கு வாழ வழி வேண்டும். அரசாங்கத்துக்கு ஆசிரியை வேண்டும். ஆசிரியைப் பயிற்சிக்கு வர இசையும் கைம்பெண்ணுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தால் இரு தரப்புக்கும் காரியம் ஆகும். அரசாங்கம் இசைந்தது. இப்படியாக அந்த உதவி தர்மமாக இல்லாமல், வேலைக்கு ஆள் உருவாக்கும் செலவாக அரசாங்கக் கணக்கில் ஏறியது. தர்மம் செய்பவர் மனம் மாறினால் உதவி நின்றுவிடும். ஆசிரியைகள் தேவைப்படும் காலம் வரை அரசாங்கத்தின் உதவிக்கு ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும்.

படிப்பின் முடிவில் சம்பளம் வரும் வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் குடும்பங்களின் மனமும் மாறத் தொடங்கியது. வீட்டுக்குப் பாரமாக நினைக்கப்பட்ட பெண் மாதச் சம்பளம் வாங்கப்போகிறாள் என்பது எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவையும்விட வலுவாக வேலை செய்தது.

கடற்கரையில் ஒரு வீடு

பெண்களின் எண்ணிக்கை கூடக்கூட வீடு போதவில்லை. திருவல்லிக்கேணிக்கு மாறிய விடுதி, பிறகு மெரினா கடற்கரை ஓரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குச் சென்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கட்டடம் அது. சுவாமி விவேகானந்தர் 1897இல் சென்னை வந்தபோது தங்கியதும் அங்கேதான். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். 1917இல் அந்தக் கட்டடத்தை அரசாங்கம் வாங்கியது.

அந்த இடம் விடுதிக்குக் கிடைத்ததில் ஒரு பெரிய வசதி இருந்தது. சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரி 1914இல் அதே கடற்கரைச் சாலையில் தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிப் படிப்பை முடித்த ஐஸ் ஹவுஸ் பெண்கள் அங்கே கல்லூரிப் படிப்பைத் தொடர முடிந்தது. உறைவிடமும் கல்லூரியும் நடை தூரத்தில் இருந்ததால் போக்குவரத்து ஒரு தடையாக இருக்கவில்லை.

விடுதிக்குப் பக்கத்தில் மீனவர் குப்பம் இருந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கும் சுப்புலட்சுமி ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1920இல் பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராகச் சுப்புலட்சுமி பொறுப்பேற்றார். அதனுடன் பயிற்சி ஆசிரியைகள் பாடம் நடத்திப் பழகுவதற்கான பள்ளியும் இணைந்திருந்தது. விடுதி, பள்ளி, கல்லூரி, பயிற்சி, வேலை என்ற சங்கிலி பத்தே ஆண்டுகளில் முழுமை பெற்றது.

இரண்டு வேலிகள்

இந்தச் சாதனையில் ஒரு குறையை மறைக்க முடியாது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதியாகவே நடந்தது. மற்றச் சமூகங்களில் கணவரை இழந்து, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போன ஆயிரமாயிரம் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கடுமையான கைம்மை வழக்கம் பிராமணக் குடும்பங்களில்தான் அதிகம், அதனால் அங்கே தொடங்கினார்கள் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் மற்றப் பெண்களின் பசியைப் போக்கியிருக்காது. கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழ்ப் பெண்கள் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியே நின்றவர்கள்தான்.

இரண்டாவது வேலி வயது. 18 வயதைக் கடந்த கைம்பெண்களை ஐஸ் ஹவுஸில் சேர்ப்பதில்லை. இருபது, இருபத்தைந்து வயதில் கணவரை இழந்தவர்கள் எங்கே போவது? இந்த வேலியைச் சுப்புலட்சுமியே உடைத்தார். 1927இல், வயது வந்த கைம்பெண்கள் தங்கிப் படிப்பதற்காக மயிலாப்பூரில் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார். பின்னாளில் ராமகிருஷ்ணா மிஷனிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தப் பள்ளி இன்றும் சென்னையில் நடந்துவருகிறது. 1942இல் வயதுவந்த பெண்களுக்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற இன்னொரு பள்ளியையும் திறந்தார். படிக்கும் வயது முடிந்துவிட்டது என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை.

சட்டத்துக்காகவும் சாட்சி

குழந்தைகளுக்குத் திருமணம் செய்துவைக்கும் வரை குழந்தைக் கைம்பெண்களும் உருவாகிக்கொண்டே இருப்பார்கள். எத்தனை விடுதிகள் திறந்தாலும் போதாது. திருமண வயதை ஆராய அரசாங்கம் அமைத்த ஜோஷி குழுவின் முன் சுப்புலட்சுமி சாட்சியம் அளித்தார். பெண்ணின் திருமண வயதை 14ஆக உயர்த்திய குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தது. அரசுக் கல்லூரியின் முதல்வர் என்பதால் இந்திய மாதர் சங்கத்தில் வெளிப்படையாக உறுப்பினராக முடியாத நிலையிலும், அதன் பணிகளுக்கு அவர் துணை நின்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1954இல் தாம்பரம் அருகே மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம் அமைய உதவினார். மயிலாப்பூரின் வித்யா மந்திர் பள்ளி உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி நாளில், 83ஆம் வயதில் காலமானார். அவர் கைபிடித்துத் தூக்கிவிட்ட பெண்கள் அதற்குள் ஆசிரியைகளாகவும் தலைமையாசிரியைகளாகவும் பணியாற்றி, தாங்களும் ஒரு தலைமுறைக்குக் கல்வி கொடுத்திருந்தார்கள்.

அதே காலத்தில் தோட்டத்தில்

சுப்புலட்சுமி எழும்பூரில் நான்கு பெண்களுடன் தொடங்கிய காலத்தில்தான், மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. நெகிரி செம்பிலானிலும் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் இல்லை. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். சென்னையைப்போல இங்கும் ஆசிரியர் பஞ்சம் இருந்தது. தோட்டத்துக் கைம்பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பி ஆசிரியையாக்க ஒரு சுப்புலட்சுமி இங்கு வாய்க்கவில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பிள்ளைகளை வளர்த்து, அதே வேலையில் அவள் காலம் முடிந்தது.

ஆனால் ஒன்றைத் தோட்ட நிர்வாகங்கள் அன்றே தெரிந்துவைத்திருந்தன. தாய் மரம் வெட்டப் போக வேண்டுமானால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்காகத்தான் ஆயாக் கொட்டகை கட்டினார்கள். பால் வாளி நிறைய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடுதான் அது. இருந்தாலும், தாயின் உழைப்பு வேண்டுமென்றால் அவளுடைய பிள்ளைக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்ற கணக்கு அதில் சரியாக இருந்தது.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பெண்கள் செனாவாங் போன்ற இடங்களில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். படிக்க வழிகளும் முன்பைவிட அதிகம். உயர்கல்விக்குப் பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. சேமநிதியிலிருந்து சொந்தப் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். எஸ்.பி.எம். தேர்ச்சி குறைவாக இருந்தாலும், வேலை அனுபவத்தைத் தகுதியாக ஏற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் ஏப்பல் முறையும் நடைமுறையில் உள்ளது. வார இறுதி வகுப்பு, இணைய வகுப்பு என்றும் வசதிகள் வந்துவிட்டன.

இவை எல்லாம் பெரும்பாலும் கட்டணத்துக்கான வழிகள். பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை இல்லை. வகுப்புக்காக விட்ட ஓவர்டைம் சம்பளத்துக்கு ஈடு இல்லை. சேமநிதியில் சில ஆயிரம் வெள்ளிகூடச் சேராத பெண்ணுக்கு எடுப்பதற்கு ஒன்றுமில்லை. கடன் வாங்கிப் படிக்கத் தயங்கும் தாயைக் குறை சொல்லவும் முடியாது. படிப்பு பாதியில் நின்றால் கடன் மட்டும் மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியும்.

சுப்புலட்சுமியின் வாழ்க்கையைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது அவர் போட்ட கணக்கைத்தான். ஒரு பெண் படித்து முடிக்க எவையெல்லாம் தேவை என்று முழுப் பட்டியலையும் போட்டார். அதில் ஒன்று குறைந்தாலும் அவள் பாதியில் திரும்பிவிடுவாள் என்று தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆளைத் தேடினார். வீட்டைத் தந்தை கொடுத்தார். அடுப்படியைச் சித்தி கவனித்தார். உதவித்தொகையை அரசாங்கம் கொடுத்தது. வேலையைப் பள்ளிகள் கொடுத்தன.

நெகிரி செம்பிலானில் கல்வி நிதி வைத்திருக்கும் கோயில்களும் சங்கங்களும் கூட்டுறவுக் கழகங்களும் அந்தப் பட்டியலைத் தங்கள் ஊர்த் தாய்மார்களோடு உட்கார்ந்து ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். காசோலையோடு சேர்த்து, சனிக்கிழமை வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மண்டபமும் இரண்டு பாட்டிமார்களும் கிடைத்தால், தேர்வு வரை போய்ச் சேரும் தாய்மார்கள் கூடுவார்கள்.